நல்லுச்சாமி கொத்தனாரின் டிரைஃபிள்

மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து, பாத்திரங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வந்த வழியே போகும். கொடைக்கானலில் ரோஸ்லின் டீச்சரின் அடுக்களை அப்படி. மேகம் எது, அடுப்பில் கொதிக்கிற பாலின் ஆவி எது என்று பல நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த வெள்ளைக்கு நடுவில், பரீட்சை எழுதி முடித்தவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார் நல்லுச்சாமி கொத்தனார். அவருக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருந்தது.

டீச்சருக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அந்த இரண்டு பேருக்கும் அதில் கூச்சம் ஒன்றும் இருக்கவில்லை.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கேக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் இருக்கிற அடுக்களையில், கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சொல்லிக்கொடுக்கிறார் என்பதே பெரிய வார்த்தை. செய்து காட்டுவார், கரண்டியை நீட்டுவார், அவ்வளவுதான். பேச்சை உப்பு மாதிரி அளந்துதான் போடுவார்.

கொத்தனார் அங்கே போனது சமையல் படிக்க இல்லை. அடுக்களையின் வடக்குச் சுவரில் ஈரம் ஏறி, பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. அதைக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசப் போனவர். பூசிக்கொண்டிருக்கும்போது டீச்சர் நாலைந்து பெண்களுக்கு டிரைஃபிள் செய்து காட்டினார். அடியில் கேக், அதன் மேல் பழம், அதன் மேல் சாக்லேட் கஸ்டர்ட், அதன் மேல் கிரீம், மறுபடியும் கேக். கண்ணாடிக்குள் அது வரிவரியாக எழும்புவதைப் பார்த்ததும் கொத்தனாரின் பூச்சுக்கரண்டி சுவரிலேயே நின்றுவிட்டது.

வேலை முடிந்த அன்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இதை எனக்கும் சொல்லித்தருவீங்களா, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள கைக்கு வந்தாகணும்.

டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்து நீட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, இதைவிடச் சுலபமான இனிப்பு கிடையாது. கேக் கடையிலேயே இருக்கிறது. பழம் நறுக்கத் தெரிந்தால் போதும், கஸ்டர்ட் பவுடரைப் பாலில் கரைத்துக் கட்டி தட்டாமல் காய்ச்சத் தெரிந்தால் போதும். ஆனால் வாழ்நாள் முழுக்கச் சுவர் எழுப்பின கை சும்மா இருக்குமா?

கேக்கைச் செங்கல் மாதிரி ஓரம் நறுக்கி, சந்து இல்லாமல் அடுக்கினார். பிளம்ஸ் துண்டுகளைத் துணியில் ஒற்றி ஒற்றிச் சாறை எடுத்துவிட்டார். அடித்தளத்தில் ஈரம் இறங்கினால் மேலே எதுவும் நிற்காது, அவர் தொழிலில் அதுதான் முதல் பாடம். ஒவ்வொரு அடுக்கையும் ஃபிரிட்ஜில் வைத்து, நன்றாக இறுகின பிறகுதான் அடுத்ததை ஊற்றினார். குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, மட்டம் பார்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு சொட்டு சாக்லேட்டைக் கூட விரலால் வழித்துத் துடைத்தார்.

முடிந்ததும் கிண்ணம் கோயில் மதில் மாதிரி இருந்தது. பழுப்பு, வெள்ளை, சிவப்பு, ஒன்றின் எல்லையை ஒன்று தாண்டவில்லை. படிக்க வந்த பெண்கள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள். கொத்தனாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது.

டீச்சர் ஒரு கரண்டியை எடுத்து நடுவில் இறக்கினார். கிரீம் தனி ஓடாகப் பெயர்ந்து வந்தது. சாக்லேட் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் போனது. கேக் மட்டும் கரண்டியில் மிஞ்சியது. அதை அவர் கையில் கொடுத்தார்.

கொத்தனார் வாயில் போட்டுக்கொண்டார். வறட்டு ரொட்டி மாதிரி அது தொண்டையில் நின்றது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்க தப்பு, டீச்சர்?"

டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார். கொத்தனார் மடக்மடக்கென்று குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கப் போனவர், வைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஈரம் வேணுமோ?"

"இப்ப இறங்கிச்சுல்ல?" என்றார் டீச்சர்.

மறுநாள் டீச்சர் செய்தார், கொத்தனார் பார்த்தார். கேக்கைக் கையால் பிய்த்துப் போட்டு, பிளம்ஸ் வேகவைத்த சாறை அதன் மேல் தாராளமாக ஊற்றினார். கேக் சிவந்து, மெத்தென்று ஆனது. பேரிக்காய்த் துண்டுகளைத் தூவி, வெதுவெதுப்பாக இருக்கும்போதே கஸ்டர்டை ஊற்றினார். அது அவசரப்படாமல் சந்துகளைத் தேடித் தேடி இறங்கியது. சிவப்பு பழுப்புக்குள் போனது, பழுப்பு வெள்ளைக்குள் போனது. மேகம் வந்து கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டது. கொத்தனாருக்குத் தூக்கத்தில் எதையோ பார்ப்பது போல இருந்தது. எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை, சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை.

இருந்தாலும் தொழில் புத்தி விடுமா?

"கறை படுதே, டீச்சர்."

"எங்க அடுக்களையில இதுக்குப் பேரு ருசி, ஐயா."

அப்போதுதான் கொத்தனார் தான் முதலிலிருந்தே கேட்க நினைத்ததைக் கேட்டார். இதைப் பெரிய கிண்ணத்தில் செய்யாமல், சின்னச் சின்னக் கோப்பைகளில் செய்ய முடியுமா? ஆளுக்கு ஒன்றாக?

செய்யலாமே, எத்தனை பேர் என்று கேட்டார் டீச்சர். அஞ்சு பேர் என்றார் கொத்தனார். யார் யார் என்று டீச்சர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பவர்களிடம் மனசு தானாகவே திறந்துகொள்கிறது. கொத்தனார் முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

அவருக்கு ஒரே மகள், பூங்கொடி. தாய் இல்லாத பிள்ளை. அவருடைய அக்கா வேலம்மாதான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். நாலு வருடத்துக்கு முன்னால் அந்தப் பிள்ளை கீழத்தெருப் பையன் மதியழகனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு மதுரைக்குப் போய்விட்டது. கொத்தனார் கத்தவில்லை, அடிக்கவில்லை. அவள் பேரைச் சொல்வதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். ஊரில் அதைப் பெருந்தன்மை என்றார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து கால் வழுக்கி விழுந்தார். நல்ல வேளை, மணல் குவியல். அடி ஒன்றும் இல்லை. ஆனால் விழுகிற நேரத்தில் வாயில் வந்த பேர் அவள் பேர்தான். அன்றைக்கே போன் போட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாள், புருஷனோடும் மாமியாரோடும். மத்தியானம் வந்து சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவோம் என்றும் சொன்னாள். மாப்பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டு, டிரைஃபிள்னா அவருக்கு உயிருப்பா என்றாள். நாலு வருடத்துக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

அக்காதான் முட்டுக்கட்டை. பிள்ளை வரட்டும், வேண்டாம் என்று சொல்ல நான் யார் என்றாள். ஆனால் அவர்கள் கை பட்ட பாத்திரத்திலிருந்து என் தட்டுக்கு எதுவும் வரக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். கொத்தனார் ராத்தூக்கம் இல்லாமல் யோசித்துக் கண்டுபிடித்த வழிதான் கோப்பை. அவரே நிரப்பி வைத்துவிடுவார். ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். யாரும் யாருக்கும் போட வேண்டாம். அக்காவுக்கும் குறை இல்லை, மகளுக்கும் தெரியப் போவதில்லை.

"இந்தத் தடவை அவ மனசு நொந்து போனா, மறுபடி வரமாட்டா, டீச்சர். எனக்கு அது தெரியும்."

டீச்சர் எழுந்தார். மிச்சமிருந்த கேக்கையும் கஸ்டர்டையும் பழத்தையும் எடுத்து வரிசையாகக் கோப்பைகளையும் நிரப்பினார். கிண்ணமும் கோப்பைகளும் ஒன்றாக ஃபிரிட்ஜுக்குள் போயின. நாளைக்கு வாங்க என்றார்.

மறுநாள் கொத்தனார் கோப்பையில் ஒரு வாய் எடுத்தார், கிண்ணத்தில் ஒரு வாய் எடுத்தார். நாக்கில் வைத்ததும் கரைந்தது. பிளம்ஸின் புளிப்பு, சாக்லேட்டின் லேசான கசப்பு, பாலின் இனிப்பு, எல்லாம் ஒரே வாயில் வந்தன. இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை. அவருக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

"ரெண்டும் ஒண்ணுதானே, டீச்சர்!"

"ருசி ஒண்ணுதான்."

"அப்ப கோப்பையே வச்சுக்கலாம்ல?"

"வச்சுக்கலாமே."

டீச்சர் ஒரு கோப்பையை அவர் முன்னால் வைத்தார், ஒன்றைத் தனக்கு எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இருவரும் சாப்பிட்டார்கள். மேகம் வந்தது, போனது. கரண்டி கண்ணாடியில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. கோப்பைகள் காலியாயின.

பிறகு டீச்சர் பெரிய கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அதில் ஒரு கரண்டியைப் போட்டார். தன் தட்டை எடுத்து நீட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

கொத்தனார் ஒரு கரண்டி எடுத்து அவர் தட்டில் போட்டார். டீச்சர் தட்டை இழுத்துக்கொள்ளவில்லை. பரிமாறுகிறவர்கள் வழக்கமாகக் கேட்பதை இவரும் கேட்டார்.

"போதுமா? இன்னும் கொஞ்சம் போடவா?"

கேட்டு முடித்ததும் கொத்தனாரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. சோற்றுச் சட்டியை மடியோரம் வைத்துக்கொண்டு, சின்னப் பெண்ணாக இருந்த பூங்கொடியிடம் தினமும் கேட்ட கேள்வி அது. நாலு வருடமாக அந்த வாய் அதை யாரிடமும் கேட்டதில்லை. அழக் கூடாது என்று சுவரைப் பார்த்துக்கொண்டார். அவர் பூசின சுவர்தான்.

டீச்சர் தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நல்ல மனுஷன், ஆனால் பயந்த மனுஷன். கிண்ணத்திலும் செய்தார், கோப்பையிலும் செய்தார். ஃபிரிட்ஜில் மேல் தட்டில் கிண்ணம், கீழ்த் தட்டில் கோப்பைகள்.

பூங்கொடி வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மாப்பிள்ளை சட்டைக் கையை மணிக்கட்டு வரை பூட்டியிருந்தான், கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி. அவனுடைய அம்மா அஞ்சலை பாயின் ஓரத்தில், முதுகு சுவரில் படாமல் உட்கார்ந்தாள். வேலம்மா வாசலுக்கு வந்து பிள்ளையின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கினாள். அந்தப் பாசத்தில் பொய் இல்லை. ஆனால் இலை போடுகிற நேரத்தில், இன்றைக்கு எனக்கு விரதம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பூங்கொடி தலையை ஆட்டிக்கொண்டாள். அந்த வீட்டு விரத நாள்கள் அவளுக்குத் தெரியாதா?

சாப்பாடு முடிந்தது. கொத்தனார் அடுக்களைக்குள் போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். வேலம்மா பின்னாலேயே வந்து, கோப்பையை எடு தம்பி என்று மெதுவாகச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினார்.

தண்ணீர் மொள்ள வந்த பூங்கொடி நிலைப்படியில் நின்றாள். அஞ்சு கோப்பைகளையும் பார்த்தாள். மேல் தட்டில் இருந்த கிண்ணத்தைப் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள்.

"நல்ல யோசனைதான்ப்பா," என்றாள்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவள் செம்பை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று முன்னறையில் யாரிடமோ சொல்வது கேட்டது.

கொத்தனாருக்கு வெட்கமாக இருந்தது. அப்படி ஒரு வெட்கம் அவர் வாழ்நாளில் பட்டதில்லை. கோப்பைகளைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்தார். கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அக்கா அவர் தோளைத் தொட்டாள். அவர் நிற்கவில்லை.

முன்னறைக்குப் போய், கிண்ணத்தை அஞ்சலைக்கு முன்னால் வைத்தார். கரண்டியை அவள் பக்கம் திருப்பி வைத்தார். நீங்கதான் எல்லாருக்கும் போடணும் என்றார்.

அஞ்சலை கரண்டியைத் தொடவில்லை. மேலத்தெரு வீடுகளின் கொல்லையில் எத்தனையோ பாத்திரம் துலக்கினவள். துலக்கின பாத்திரத்திலிருந்து யாருக்கும் பரிமாறினதில்லை. இரண்டு கையையும் மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சாமி. நீங்களே போடுங்க."

சாமி என்ற அந்த வார்த்தை கொத்தனாரின் காதில் விழுந்தது. எத்தனையோ தடவை விழுந்த வார்த்தைதான். இன்றைக்குத்தான் அது அவருக்கு வலித்தது. மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நல்லுச்சாமி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு தட்டை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து, அஞ்சலைக்கு முன்னால் நீட்டினார்.

"எனக்கு முதல்ல போடுங்க, சம்பந்தி."

அஞ்சலை மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்தாள். பழக்கமில்லாத கையில் கரண்டி கோணலாக இறங்கியது. கிரீமும் சாக்லேட்டும் பழமும் சரிந்து, பாதி தட்டில் விழுந்தது, பாதி அவர் விரல்களில் விழுந்தது.

"போதுங்களா?" என்று கேட்டாள்.

அவர் தட்டை நீட்டியபடியே இருந்தார். அவள் இன்னொரு கரண்டி போட்டாள்.

வேலம்மா நிலைப்படி வரை வந்து இதைப் பார்த்தாள். அப்படியே திரும்பி உள்ளே போனாள். பூங்கொடி ஒரு தட்டில் போட்டு அவளிடம் எடுத்துப் போனாள். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் பூங்கொடி வெளியே வந்து, அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

வெளியே மேகம் இறங்கித் தெருவே தெரியவில்லை. சாயங்கால பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வளைவில் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் நல்லுச்சாமி கொத்தனார் டீச்சரின் அடுக்களைக்குப் போனார். ஏப்ரனைக் கட்டிக்கொள்ளவில்லை. முக்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். மகள் இரண்டு நாள் தங்கினாள். இப்போது தினமும் போன் பண்ணுகிறாள். அந்தச் சந்தோஷத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அக்கா துணிமணியை எடுத்துக்கொண்டு தன் மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். வைத்த தட்டு வைத்தபடியே இருந்தது. தெருவில் பாதிப் பேர் முகம் கொடுப்பதில்லை. காலையில் காபி போடும்போது கை தன்னால் இரண்டு டம்ளரை எடுக்கிறது, ஒன்றைத் திரும்ப வைக்க வேண்டியிருக்கிறது.

டீச்சர் கஸ்டர்டைக் கிண்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லல, டீச்சர். ஆனா அந்த வீட்டை நான்தான் எழுப்பினேன். எல்லாம் அதது இடத்துல இருந்துச்சு. ஒரே ஒரு கரண்டிதான் போட்டோம். அடுக்கெல்லாம் குலைஞ்சு போச்சு."

டீச்சர் அடுப்பை அணைத்தார். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"குலையாம இதை யாருக்காவது பரிமாற முடியுமா, ஐயா?"